கூலியா, பங்கா, காணியா: மலையகம் முதலில் கேட்க வேண்டியது எது?

இலங்கையின் மலையகத் தோட்டங்களில் சம்பளப் பேச்சுவார்த்தை தொடங்கும் ஒவ்வொரு முறையும், நாட்சம்பளம் எவ்வளவு என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே வாதங்கள் நடக்கின்றன. ஆனால் இன்று தோட்டக் குடும்பங்களின் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். நாட்சம்பளத்தைச் சட்டத்தின் வழியாக உயர்த்திக்கொண்டே போவது ஒன்று. தேயிலை மலையைத் துண்டுகளாகப் பிரித்துக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டு, பறித்துக் கொடுக்கும் கொழுந்துக்குக் கிலோ கணக்கில் விலை தரும் வெளியாள் உற்பத்தி முறையை ஏற்றுக்கொள்வது இன்னொன்று. கம்பனியின் பங்குகளைத் தொழிலாளரே வைத்துக்கொள்வது மூன்றாவது. காணியையே உறுதிப் பத்திரத்தோடு பெற்றுச் சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளராவது நான்காவது. நான்கையும் ஒருங்கே கேட்போம் என்று மேடையில் சொல்வது எளிது. பேரம் பேசும் வலிமை குறைந்த ஒரு சமூகம் எதை முன்னே வைக்கிறது, எதை விட்டுக்கொடுக்கிறது என்பதில்தான் அடுத்த தலைமுறையின் நிலை அடங்கியிருக்கிறது. காணியை முதலில் கேட்க வேண்டும், அது கைக்கு வரும்வரை சம்பளத்தோடு ஒட்டிய பாதுகாப்புகளில் எதையும் இழக்கக் கூடாது என்பதே என் முடிவு.

நிலைமையின் கடுமையை இரண்டு எண்கள் போதிய அளவு காட்டுகின்றன. 2016-ஆம் ஆண்டின் மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32 சதவீதம். பொருளாதார நெருக்கடிக்குப் பின் 2023-இல் லேர்ன் ஏசியா நிறுவனம் நடத்திய ஆய்வு, நாட்டு மக்களில் 31 சதவீதத்தினர் வறுமையில் இருப்பதாகக் கணக்கிட்டபோது, தோட்ட மக்களில் அந்தப் பங்கு 51 சதவீதமாக இருந்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தரும் கொழுந்தைப் பறிக்கும் கைகளின் வீட்டில்தான் பிள்ளைகள் வளர்ச்சி குன்றுகிறார்கள் என்பதை எந்தக் கணக்குப் புத்தகத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

வழிகளை ஒப்பிட மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். மழை விடாமல் பெய்து கொழுந்து குறையும்போதும், ஏலத்தில் தேயிலை விலை விழும்போதும், மலையில் குளவி கொட்டி ஒருவர் படுத்த படுக்கையாகும்போதும் அந்த நட்டம் யார் தலையில் விழுகிறது என்பது முதல் கேள்வி. ஆவணத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பது இரண்டாவது. வேலை செய்ய முடியாத வயதில் அந்தக் குடும்பத்திடம் என்ன மிஞ்சுகிறது என்பது மூன்றாவது.

சம்பள உயர்வை முதலில் பார்ப்போம். கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த 2016-இன் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாய். வரவுக் கொடுப்பனவு, உற்பத்திக் கொடுப்பனவு எல்லாம் சேர்த்தால் 730. 2019-இல் அடிப்படைச் சம்பளம் 700 ஆனபோது அந்த இரண்டு கொடுப்பனவுகளும் நீக்கப்பட்டு, மொத்தம் 750 என்ற அளவில் நின்றது. ஆயிரம் ரூபாய் கேட்டுப் பல மாதங்கள் போராடியவர்களுக்கு உண்மையில் கூடியது 20 ரூபாய்தான். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை 900 ரூபாய் சம்பளமும் 100 ரூபாய் நிவாரணப்படியும் என அறிவித்தது. அதைத் தொடர்ந்து கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. 2024 மே தினத்தன்று 1700 ரூபாய் என அன்றைய ஜனாதிபதி கொட்டகலையில் அறிவித்தார். கம்பனிகள் உயர் நீதிமன்றம் சென்றன. முடிவில் அவ்வாண்டு செப்டம்பரில் 1350 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. 2026-க்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1550 ஆக்கி, வரவுக்கான ஊக்கத்தொகையாக அரசு 200 ரூபாய் சேர்க்கும் என முன்மொழியப்பட்டது. இதற்கிடையே 2022 செப்டம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டதை நினைவில் வைத்துக்கொண்டால், உயர்ந்த எண்கள் அரிசியாகவும் மாவாகவும் மாறும்போது எவ்வளவு சுருங்கின என்பது விளங்கும்.

நாட்சம்பளத்தின் பெரிய ஓட்டை நாட்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. சம்பளத்தை அறிவிக்கும் வர்த்தமானி (அரசிதழ்) ஒரு நாளுக்கான தொகையைச் சொல்கிறதே தவிர, மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்பதைச் சொல்வதில்லை. 1350 ரூபாய்ப்படி 25 நாள் என்றால் 33,750 ரூபாய். ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழித்தால் 31,050. அதே வீதத்தில் 15 நாள் மட்டும் வேலை என்றால் கழிவுக்கு முன்பே 20,250 ரூபாய்தான். குறித்த கிலோ பறிக்காதவருக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுவதும், மற்ற நாட்களில் பேர் போடாமல் (ஒரு நாள் வேலையாகப் பதியாமல்) கைக்காசுக்கு, அதாவது கிலோவுக்கு இவ்வளவு என்று, பறிக்க விடுவதும் தோட்டங்களில் எல்லோரும் அறிந்தவை. ஆகவே தொகையைச் சட்டம் உயர்த்தும்போது, கிலோவை உயர்த்தியும் நாட்களைக் குறைத்தும் கம்பனி அதைச் சமன்செய்துகொள்ள முடிகிறது. கூட்டு ஒப்பந்தம் இருந்த காலத்தில் ஆண்டுக்கு 300 நாள் வேலை என்ற உறுதிமொழியாவது எழுத்தில் இருந்தது.

இருந்தாலும் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலையாள் பதிவேட்டில், பெயர் இருப்பதன் மதிப்பைக் குறைத்துப் பேசுவோரை நான் ஏற்கமாட்டேன். ஊழியர் சேமலாப நிதிக்குத் தோட்டம் தரும் 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம், ஐந்தாண்டு சேவைக்குப் பின் ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம் என்ற கணக்கில் சேவைக்காலப் பணம், பிரசவ விடுமுறை, வேலையிடத்து விபத்துக்கு நட்டஈடு ஆகிய அனைத்தும் அந்த ஒரு பெயரில் தொங்குகின்றன. மழையின் நட்டமும் விலையின் நட்டமும் ஓரளவாவது கம்பனியிடம் நிற்பது இந்த ஒரு வழியில்தான். இரண்டாவது கேள்வியில்தான் அது தோற்கிறது: ஒரு நூற்றாண்டு உழைத்த குடும்பத்தின் பெயர் செக்ரோலைத் தவிர வேறு எந்த ஆவணத்திலும் இல்லை. வசிக்கும் லயன் காம்பரா, அதாவது வரிசை வீட்டின் ஓர் அறைகூடத் தோட்டத்துக்கே உரியது.

சம்பள உயர்வைத் தாங்க முடியாது என்ற கம்பனிகளின் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. உயர்மலைத் தோட்டங்களில் விதைத் தேயிலை இன்னும் பரந்து கிடக்கிறது. பல இடங்களில் அந்தச் செடிகள் வெள்ளைக்காரர் காலத்தில் நட்டவை. விளைச்சல் குறைந்த செடியிலிருந்து கூடுதல் கிலோ கேட்டால் அது தொழிலாளியின் கையால் வராது. ஆனால் ஏன் மறுநடுகை நடக்கவில்லை என்று கேட்டால், மறுபாதி உண்மை தெரிகிறது. 1975-இல் அரசுடைமையான தோட்டங்களை 1990-களில் கம்பனிகளிடம் ஒப்படைத்தபோது கொடுத்த, 1992-இலிருந்து கணக்கிடப்படும் 53 ஆண்டு குத்தகை 2045-உடன் முடிகிறது. பழைய செடியைப் பிடுங்கி, மண் தேறுவதற்கு ஒன்றரை இரண்டு ஆண்டு குவாட்டமாலாப் புல் வளர்த்து, பின் தவறணையில் (நாற்றங்காலில்) வளர்த்த கன்றை நட்டு, மூன்று நான்கு ஆண்டு கழித்தே கொழுந்து பார்க்க முடியும். போட்ட முதல் திரும்ப அதற்கு மேலும் பல ஆண்டுகள். குத்தகைக் காலம் தேயத் தேய, முப்பது ஆண்டுக்கு மேல் நின்று பலன் தரும் செடியை நடுவதற்குக் குத்தகைதாரருக்கு ஆர்வம் குறைவது இயல்பு. காணி யாருடையது என்ற கேள்வி சம்பளப் பேச்சுக்குள்ளேயே ஒளிந்திருப்பது இதனால்தான்.

இனி வெளியாள் உற்பத்தி முறை. கம்பனிகள் இதைத் தொழிலாளியைத் தொழில்முனைவோராக உயர்த்தும் திட்டம் என்று முன்வைக்கின்றன. ஒரு குடும்பத்துக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் செடிகள் வரை ஒதுக்கப்படும். உரமும் மருந்தும் கம்பனி தந்து, பின் கொழுந்துப் பணத்தில் கழித்துக்கொள்ளும். கொழுந்தைக் கம்பனியின் தொழிற்சாலைக்கே கொடுக்க வேண்டும். இதில் நல்லது எதுவும் இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. வேலை பிரித்துத் தரும் பிரட்டுக் களத்தில் காலை நேரத்தில் போய் நிற்க வேண்டியதில்லை, கங்காணியின் அதட்டலைக் கேட்க வேண்டியதில்லை, கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் விடுமுறைக்கு வந்தால் அவனும் மலையில் கைகொடுக்கலாம். விலை நன்றாக இருந்து, ஒதுக்கிய துண்டு நல்ல துண்டாகவும் அமைந்துவிட்டால், நாட்சம்பளத்தைவிடக் கூடுதலாகப் பணம் பார்க்கும் குடும்பங்கள் இருக்கவே செய்கின்றன.

ஆனால் மூன்று கேள்விகளையும் இதன்மேல் வைத்துப் பார்த்தால் நிலை தெளிவாகிறது. மழையின் நட்டம் குடும்பத்துக்கு. விலையின் நட்டம் குடும்பத்துக்கு. குளவி கொட்டினால் ஆஸ்பத்திரிச் செலவும் குடும்பத்துக்கே, ஏனென்றால் அவர்கள் இப்போது தொழிலாளர் அல்லர், கொழுந்து விற்பவர்கள். சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் நின்றுவிடுகின்றன. ஆவணம் என்று ஒன்று இருந்தாலும், அதில் செடியைப் பராமரிக்கும் கடமை எழுதியிருக்கிறதே தவிரக் காணியின்மேல் உரிமை எழுதியிருப்பதில்லை. ஒப்பந்தத்தைக் கம்பனி நிறுத்திவிட்டால், குடும்பம் பல ஆண்டு உரமிட்டுத் தேற்றிய செடிகள் கம்பனிக்கே திரும்பும். கொழுந்தின் விலையைச் சொல்வதும், மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுப்பதும், ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிப்பதும் வாங்குபவரே என்றால், விற்பவருக்குச் சந்தை என்று ஒன்றும் இல்லை. நாட்சம்பளத்தில் ஒருவர் உழைப்புக்கு ஒரு பேர் விழுந்த இடத்தில், இந்த முறையில் மாமியாரும் பள்ளி விட்டு வந்த பிள்ளையும் சேர்ந்து உழைத்த கூலி ஒரே தொகையாக வந்து சேர்கிறது. அந்தத் தொகையை ஒரு நாட்சம்பளத்தோடு ஒப்பிட்டு வருமானம் கூடிவிட்டதாகக் காட்டுவது தவறான கணக்கு. எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று வகுத்துப் பார்க்காமல் இந்த முறையை மதிப்பிடவே கூடாது.

இதில் பெண்களின் நிலை தனியாகக் கவனிக்கப்பட வேண்டியது. கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். செக்ரோலில் அவர்கள் பெயர் இருக்கும்வரை சேமலாப நிதியும் அவர்கள் பெயரிலேயே சேர்கிறது. ஐம்பது வயதில் அதை எடுக்கும் உரிமையும் அவர்களுடையது. துண்டு குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆணுக்கு எழுதப்பட்டால், அதே கைகள் பறித்த கொழுந்தின் பணம் வேறு கைக்குப் போகிறது. மதுவுக்குப் பணம் கரையும் வீடுகளில் இதன் விளைவு என்ன என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது வழிக்குப் பெரிய எடுத்துக்காட்டு இலங்கைக்கு வெளியேதான். கடல் கடந்து, கேரளத்தின் மூணாறில் இருக்கிறது. அங்கும் மலையேறியவர்கள் தமிழர்களே. 2005-இல் டாட்டா டீ நிறுவனம் தோட்டங்களை நடத்துவதிலிருந்து பின்வாங்கியபோது கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற கம்பனி உருவாகி, அதன் பங்குகளில் பெரும்பகுதி ஊழியர்களிடமும் தொழிலாளரிடமும் வந்தது. தாளில் பார்த்தால் தொழிலாளியே முதலாளி. ஆனால் பத்தாண்டுகள் கழித்து, 2015 செப்டம்பரில், அதே கம்பனியின் பெண் தொழிலாளர்கள் போனஸ் குறைப்பை எதிர்த்து மூணாறு வீதியை மறித்து உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் அருகில் விடாமல் ‘பொம்பிளை ஒருமை’ என்று தங்களைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். 232 ரூபாயாக இருந்த நாட்கூலியை 500 ஆக்கக் கேட்டார்கள். அடுத்த மாதம் 301 ஆனது. பங்குப் பத்திரம் வைத்திருந்தவர்கள் கூலிக்காகத் தங்கள் கம்பனியையே எதிர்த்து வீதிக்கு வர வேண்டியிருந்தது என்பதிலிருந்து நாம் அறிய வேண்டியது உண்டு. ஆளுக்குச் சில நூறு பங்குகள் என்ற கணக்கில் உரிமை சிதறும்போது, நிர்வாகத்தின் முடிவுகளில் பறிப்பவரின் குரல் ஏறுவதில்லை. மலையகத்தில் இதை முதன்மைக் கோரிக்கையாக வைப்பதில் பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நான்காவது வழிக்கு நாட்டுக்குள்ளேயே சான்று இருக்கிறது. இலங்கையின் தேயிலை உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்று கம்பனித் தோட்டங்களிலிருந்து வருவதில்லை. காலி, மாத்தறை, இரத்தினபுரி போன்ற மாவட்டங்களின் சிறு தோட்ட உரிமையாளர்களிடமிருந்து வருகிறது. அவர்களில் பலருக்கு ஓர் ஏக்கருக்கும் குறைவான காணிதான். ஏக்கருக்கான அவர்கள் விளைச்சல் கம்பனித் தோட்டங்களைவிடக் கூடுதல். செடியும் இளையது, கவனிப்பும் சொந்தக்காரருடையது. அவர்களுக்கென 1970-களிலேயே சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்தி அதிகார சபை அமைக்கப்பட்டது. மறுநடுகை மானியம், உர மானியம், கொழுந்துக்கான விலைச் சூத்திரம் என்று ஓர் ஏற்பாடே அவர்களுக்காக இயங்குகிறது. தேயிலையைச் சிறு காணியாக நடத்த முடியாது என்ற வாதத்துக்கு இதைவிட நேரான மறுப்பு இல்லை.

மலையகத்தார் ஏன் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறார்கள் என்றால், காணி பகிரப்பட்ட காலத்தில் அவர்களுக்குக் குடியுரிமை இல்லை. 1948-இன் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964-இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் தலைகளை எண்ணி இலங்கை, இந்தியா என்ற இரு நாடுகளுக்கும் பிரித்தது. 1972-இலும் 1975-இலும் காணிச் சீர்திருத்தம் நடந்தபோது பெறுநர் பட்டியலில் அவர்கள் இடம்பெறவில்லை, பலர் தோட்டத்தைவிட்டே விரட்டப்பட்டார்கள். 1977-இல் நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரிப்பதை எதிர்த்த போராட்டத்தில், டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003-இன் சட்டத்தோடுதான் தீர்ந்தது. எனவே காணி கேட்பது புதிய சலுகை கேட்பதாகாது. ஒரு முறை நடந்த பங்கீட்டில் விடுபட்ட பங்கைக் கேட்பது.

வீட்டுக் காணியையும் வாழ்வாதாரக் காணியையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். 2015-க்குப் பின் ஏழு பேர்ச்சஸ் (ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ்) காணியில் தனி வீடு என்ற கொள்கை வந்தது. இந்திய உதவியோடு 4000 வீடுகளும், பின்னர் 2017-இல் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் அதன் தொடர்ச்சி. லயத்திலிருந்து தனி வீட்டுக்குப் போவது மானத்தோடு வாழ்வதற்கு அவசியம். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஏக்கருக்கு ஏறக்குறைய 5000 செடி என்ற கணக்கில், வீடே கட்டாமல் விட்டாலும் ஏழு பேர்ச்சஸில் 220 செடிதான் நிற்கும். அது முகவரி தரும், வருமானம் தராது. குறைந்தது அரை ஏக்கர், அதாவது ஏறத்தாழ 2500 செடி, கொழுந்து பறிக்கும் நிலையில் உள்ள தேயிலையாக இருந்தால்தான் அதை வாழ்வாதாரம் என்று பேசத் தொடங்கலாம்.

இந்த வழியின் ஆபத்துகளை மறைக்கக் கூடாது. நீலகிரியில் சொந்தக் காணி வைத்திருக்கும் சிறு விவசாயிகள், 1990-களின் இறுதியிலிருந்து பசுந்தேயிலை விலை வீழ்ச்சியோடு போராடி வருகிறார்கள். அவர்களுக்குக் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இருந்தும் நிலைமை அதுதான். காணி நம்முடையதாகி, தொழிற்சாலை இன்னொருவருடையதாக இருந்தால், கொழுந்து வாடுவதற்குள் விற்றாக வேண்டிய நெருக்கடி விற்பவருக்கே. முதிய விதைத் தேயிலையைக் கொடுத்துவிட்டு, மறுநடுகைக் காலத்துக்கு மாதாந்தக் கொடுப்பனவு இல்லாமல் விட்டால், நான்கைந்து ஆண்டு அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? சரிவும் பெரிய கேள்வி: 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை அறிந்தவர்கள், மண்சரிவு அபாயத்தை மதிப்பிடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்று இல்லாத எந்தத் துண்டையும் வாங்கக் கூடாது. கடனுக்காகக் காணி கைமாறிப் போகும் அபாயத்துக்கு, குறித்த ஆண்டுகளுக்கு விற்பனைத் தடையும் கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதியும் ஓரளவு காவலாகும். இவை அனைத்தும் ஏற்பாட்டால் தடுக்கக்கூடிய ஆபத்துகள். காணியே இல்லாத நிலைக்கு அப்படி ஒரு பரிகாரமும் இல்லை.

தோட்டத்தில் வேலை செய்பவருக்கு மட்டுமா, லயத்தில் வசிக்கும் எல்லாக் குடும்பங்களுக்குமா என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. இன்று பல லயன்களில் ஒருவர்கூடச் செக்ரோலில் இல்லாத குடும்பங்கள் உண்டு. இளையவர்கள் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். குடியிருப்பையே அளவுகோலாக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மூன்று தலைமுறை பறித்த குடும்பம், நான்காம் தலைமுறை கடையில் வேலை செய்கிறது என்பதற்காகப் பங்கை இழப்பது நியாயமாகாது. காணியைத் தானே பயிரிட முடியாதவர் அயலாருக்கு ஆண்டுக் குத்தகைக்கு விடலாம். அப்போது குத்தகைப் பணம் வாங்குபவராக முதல்முறையாக ஒரு தோட்டக் குடும்பம் இருக்கும்.

தொழிற்சங்கங்கள் காணிக் கோரிக்கையை உரக்க எழுப்பாததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு என்பதை மரியாதையோடு சொல்ல வேண்டும். சங்கச் சந்தா சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. செக்ரோல் சுருங்கினால் சந்தாவும் சுருங்கும். சிறு உரிமையாளர் சங்கமாக, கொழுந்து விலைக்குப் பேரம் பேசும் கூட்டுறவாக மாறுவதற்கு அவை இப்போதே ஆயத்தமானால், உறுப்பினரையும் இழக்க வேண்டியதில்லை, குறிக்கோளையும் விட வேண்டியதில்லை.

எங்கே தொடங்குவது என்பதில், அரசே நேரடியாக நடத்தும் தோட்டங்கள் முதலில் வர வேண்டும். மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் கண்டி, மாத்தளைப் பகுதிகளில் வைத்திருக்கும் காணிகளுக்குக் குத்தகைச் சிக்கல் இல்லை. தொழிலாளருக்குச் சேர வேண்டிய சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் அங்கே நிலுவையில் கிடக்கின்றன. அந்த நிலுவைக்கு ஈடாகக் காணி தருகிறோம் என்ற பேச்சு வந்தால் மறுத்துவிட வேண்டும். உழைத்த பணம் வேறு, காணிப் பங்கு வேறு. கம்பனித் தோட்டங்களில் இப்போதைக்குத் தரிசாக விட்ட மலைகளையும் கைவிட்ட துண்டுகளையும் கேட்கலாம். வெளியாள் முறையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட குடும்பங்களுக்கு, பறிக்கும் பெண்ணின் பெயரில் தமிழில் எழுதிய ஒப்பந்தம், சிறு உரிமையாளருக்குரிய அதே விலைச் சூத்திரம், சேமலாப நிதியின் தொடர்ச்சி, ஒப்பந்தம் முறிந்தால் தேற்றிய செடிக்கு ஈடு ஆகிய நான்கும் இல்லாமல் புதுப்பிப்பு இல்லை என்று சங்கங்கள் நிற்க வேண்டும். 2045 தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தாலும், குத்தகை நீடிப்புக்கான பேச்சு அதற்கு வெகு முன்பே மூடிய அறைகளில் நடக்கும். எந்த நீடிப்பிலும் குடியிருப்போரின் அரை ஏக்கரைப் பிரித்துக் கொடுத்த பிறகே மிச்சம் கம்பனிக்கு என்ற விதியை, அந்தப் பேச்சு தொடங்குமுன் நாடாளுமன்றத்தில் சட்டமாக்கக் கேட்க வேண்டும்.